வலது காதில் ஒலி இல்லை

மேடை ஒலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், எந்த மிக்சர் நல்லது, எந்த மைக் வாங்கலாம் என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் மேடையை விட்டுவிட்டேன். இப்போது ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு பள்ளி மண்டபங்களுக்கும் மருத்துவமனைக் கூடங்களுக்கும் ஒலியமைப்பு வரைகிறேன். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள வயது போதாது. ஆனாலும் காட்சி நேரத்தில் மிக்சரின் முன் இனி உட்காரப் போவதில்லை என்று முடிவான பிறகு, அந்த வேலையிலிருந்து எவற்றை எடுத்துக்கொண்டு வந்தேன் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். பட்டியல் போடுவது என் பழக்கம். பட்டியலின் மேலே கருவிகள் எதுவும் வரவில்லை. முதலில் எழுதியது ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலைப் பற்றி.

மொன்றியலில், ஒரு பழைய அரங்கில், சோல் இசையைக் கொண்டாடும் இசை நாடகம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் பிறந்து, பிறகு வானொலிக்கும் நடன மண்டபங்களுக்கும் வந்த இசை அது. நாடகத்தில் கதை அதிகம் இல்லை. ஒரு பாடகி தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே, அந்தக் காலத்துக் கலைஞர்களை ஒவ்வொருவராக மேடைக்கு வரவழைப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டின் முறை எளிதல்ல. நடுவில் நிற்பவர் ஒரு வரியை எறிவார். பக்கத்தில் நிற்கும் பின்பாட்டுக்காரர் மூவர் அதைப் பிடித்துத் திருப்பி எறிவார்கள். எறிபவர் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி எறியமாட்டார். பிடிப்பவர்கள் அவருடைய மூச்சைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவரும் அவர்களைக் கேட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு பேர் கயிறு இழுப்பதைப் போன்றது. ஒருவர் கை தளர்ந்தாலும் மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும்.

நடுவில் நின்றவர் மார்லேன். ஹெயிட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த நகரத்தில் பிறந்தவர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் மகளோடு இருந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர். ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாக நடு மைக் அவருக்குக் கிடைத்திருந்தது. எங்களோடு பிரெஞ்சில்தான் பேசுவார். அவர் பேச்சை இங்கே என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் நினைவில் இருக்கிறது.

இன்னொருவர் குகன் அண்ணை. இந்த வேலையில் இரண்டு மிக்சர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மண்டபத்தின் பின்னால் இருப்பது சபைக்கானது. அதில் நான் இருந்தேன். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் இருப்பது பாடுகிறவர்களுக்கானது. அவர்கள் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் யாருக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அங்கிருந்துதான் கலப்பார்கள். அதில் குகன் அண்ணை இருந்தார். கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி கட்டத் தொடங்கி, பெரிய அரங்குகளுக்கு வந்தவர். பாடகர் ஒரு விரலை உயர்த்தினால் போதும், என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் எல்லோரும் அவரை விரும்பினார்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்: தொண்டைப் புண், பயம், மாதவிடாய், வீட்டுச் சண்டை. அந்த ஓர மிக்சரில் பேசுவது வெளியே போகாது என்பது எழுதாத விதி.

அந்த வாரம் புதன்கிழமை ஒத்திகையில் மார்லேன் புதிதாக ஒன்று செய்தார். பின்பாட்டுக்காரர் மூவரும் அவருக்கு வலப்பக்கம் நிற்பார்கள். அதுவரை சபையைப் பார்த்தே பாடியவர், அன்று ஒவ்வொரு வரியையும் எறிந்ததும் உடம்பு முழுவதையும் திருப்பி அவர்களுடைய முகத்தைப் பார்த்தார். அவர்கள் வாய் திறந்த பிறகே சபைப் பக்கம் திரும்பினார். இயக்குநர் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். “அந்தத் திரும்பல்! அது என்ன அழகு! தோழிகளிடம் நியாயம் கேட்கிற மாதிரி. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். விளக்குக்காரர்களும் அந்தத் திரும்பலுக்கு ஒரு தனி ஒளியைச் சேர்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

மறுநாள் வியாழன். மாலையில் கடைசி முன்னோட்டக் காட்சி, வெள்ளிக்கிழமை தொடக்கம். மதிய உணவுக்குப் பிறகு குகன் அண்ணை மூலையில் இருந்த டெபானர் என்னும் சிறு கடைக்குக் கோப்பி வாங்கப் போயிருந்தார். காட்சிக்கு முன் நான் செய்யும் சோதனைகளில் ஒன்று, ஒவ்வொரு பாடகரின் இயர்போனையும் நானே மாட்டிக் கேட்பது. மார்லேனுடையதில் இடப்பக்கம் ஒலி வந்தது, வலப்பக்கம் ஒன்றுமில்லை.

இயர்போனை மாற்றினேன். ஒலி இல்லை. இடுப்பில் கட்டும் ரிசீவரை மாற்றினேன். அப்போதும் இல்லை. படித்தபடி, ஒலி வரும் வழியில் ஒவ்வோர் இணைப்பாகப் பின்னோக்கிப் போய்க் கடைசியில் குகன் அண்ணையின் மிக்சருக்கு வந்து சேர்ந்தேன். மார்லேனின் வலப்பக்கம் அங்கே முழுவதும் மூடப்பட்டிருந்தது. யாரும் தவறுதலாகத் தொட்டுவிடாதபடி அந்தப் பொத்தானின் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

பழுதுக்கு யாரும் டேப் ஒட்டி வைப்பதில்லை. அதுவரை கேபிளில் தேடிக்கொண்டிருந்த நான் அப்போதுதான் நின்றேன்.

“உதென்ன பிள்ளை, ஐயர் இல்லாத நேரம் பார்த்து மூலஸ்தானத்துக்க பூந்திட்டாய்?” குகன் அண்ணை இரண்டு கோப்பிக் கிண்ணங்களோடு நின்றார்.

“அண்ணை, மார்லேனின்ர வலப்பக்கத்தை ஆர் மூடினது?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கோப்பியைக் கீழே வைத்தார். “டேப்பில கைவையாத.”

“ஆர் மூடினது எண்டு கேட்டனான்.”

“நான்தான். அவா கேட்டவா, மூடினன்.”

“ஏன் கேட்டவா?”

“பாட்டுக்காரர் கேக்கிறதுக்கெல்லாம் ஏன், எதுக்கு எண்டு நிண்டா, நான் ஒலி கலக்கேலாது, விசாரணைக் கமிசன்தான் வைக்கலாம்.”

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “செவ்வாய்க்கிழமை காலமை எழும்பேக்க வலக்காது அடைச்சுப்போச்சாம். தடிமன் எண்டுதான் சொன்னவா. உள்ளுக்க ஒரு இரைச்சலாம். அதுக்க ஒலியும் வந்தா இன்னும் மோசமாம். எல்லாத்தையும் இடப்பக்கம் தா எண்டவா. குடுத்தன்.”

“இடப்பக்கம் எவ்வளவு கூட்டினனீங்கள்?”

“நேற்றுக் கொஞ்சம். இண்டைக்குக் காலமை இன்னும் கொஞ்சம். எல்லாம் ஒரு காதுக்க நெருக்குப்படேக்க பின்பாட்டு கேக்கேல்ல எண்டு சொல்லுறா. வேற என்ன செய்யிறது?”

புதன்கிழமை நாங்கள் எல்லோரும் ரசித்த அந்தத் திரும்பல் என்னவென்று எனக்கு விளங்கியது. அவருக்குப் பின்பாட்டு சரியாகக் கேட்கவில்லை. எப்போது பாடத் தொடங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கல்லூரியில் ஒலிப் படிப்போடு செவி பாதுகாப்பு பற்றியும் ஒரு பாடம் இருந்தது. எல்லோரும் தூங்கும் பாடம். அதில் சொன்ன ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை: தூங்கி எழும்போது ஒரு காது கேட்காமல் போயிருந்தால், அதைச் சளி அடைப்பு என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அது நரம்பாக இருக்கலாம். மருந்து உண்டு, ஆனால் நாள் போகப் போக அது பலிக்கும் வாய்ப்பு குறையும்.

“அண்ணை, இது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விசயம்.”

“போவா. சனிக்கிழமை போறன் எண்டவா. தொடக்கம் முடியட்டும்.”

“சனிக்கிழமை பிந்திப்போகலாம்.”

“பிள்ளை, என்னட்ட வாக்கு வாங்கினவா, ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு. இந்த இடத்தில கதைக்கிறது வெளிய போனா, நாளைக்கு ஒரு பாட்டுக்காரரும் எனக்கு உண்மை சொல்லமாட்டினம். பேந்து நான் ஆரின்ர காதுக்கு என்னத்தைக் கலக்கிறது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் ஒருவர் தவறாகவும் மற்றவர் சரியாகவும் இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. மேடை மேலாளரிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாம். மார்லேன் அந்த நிமிடமே நடு மைக்கை இழப்பார், குகன் அண்ணையின் வாக்கும் போகும். எதுவும் காணாதவள்போல என் இடத்துக்குப் போகலாம். நாளை முடிந்து நாளை மறுநாள் வரும்வரை அந்தக் காது காத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: அந்தக் காதுக்குச் சொந்தக்காரரிடம் போவது.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல, நானாத்தான் கண்டுபிடிச்சன் எண்டு அவவுக்குச் சொல்லுறன்” என்றேன். அவர் தலையாட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

உடை மாற்றும் அறையின் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. உள்ளே போய்ப் பெயர் சொல்லி அழைத்தேன். மார்லேன் தலையில் வலைத்தொப்பியோடு உட்கார்ந்து, மடியில் இருந்த விக்கைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றது அவருடைய வலப்பக்கம். கண்ணாடியில் என்னைக் கண்ட பிறகுதான் திடுக்கிட்டார்.

“பூனை மாதிரி வாறாய்.”

“தட்டிட்டுத்தான் வந்தனான். ரெண்டு தரம் கூப்பிட்டும் பார்த்தன்.”

அவர் கை நின்றது. “குகன் சொல்லிட்டானா?”

“இல்லை. உங்கட இயர்போனைப் பரிசோதிச்சனான்.”

“தடிமன்” என்றார். “ஒவ்வொரு குளிருக்கும் வாறதுதான்.”

“அப்படியெண்டா ஒரு சின்ன வேலை செய்து பார்ப்பமா? வாயை மூடிக்கொண்டு, தாழ்வா ஒரு சுரம் பிடியுங்கோ. எந்தப் பக்கம் கேக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

நீங்களும் இப்போது செய்து பார்க்கலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாய்க்குள் முனகினால், ஒலி அடைத்த பக்கத்துக்கே போகும். சளியால் அடைத்த காதிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நரம்பு தளர்ந்த காது என்றால், ஒலி மற்றப் பக்கம் போய்விடும். இது மருத்துவச் சோதனைக்கு ஈடாகாது, நான் மருத்துவர் அல்ல என்பதையும் அவருக்குச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடி ஒரு சுரம் பிடித்தார். நான் எத்தனையோ பேருக்கு மைக் வைத்திருக்கிறேன். மைக் இல்லாமல், வாய்கூடத் திறக்காமல், ஓர் அறையை அப்படி நிறைத்த குரலை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மூச்சு முடியும்வரை பிடித்தார். பிறகு கையை எடுத்து இடது காதைத் தொட்டார். இன்னும் தாழ்ந்த சுரம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் இடது காது.

“இங்கதான்” என்றார். “ரெண்டுதரமும்.”

அதன் பொருள் என்ன என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு விக்கை எடுத்து மறுபடியும் சீவத் தொடங்கினார்.

“வெள்ளிக்கிழமை முடியட்டும்.”

“மார்லேன்…”

“நான் எத்தினை பேருக்குப் பின்னால நிண்டு ‘ஊ’ எண்டு பாடியிருக்கிறன் தெரியுமா உனக்கு? என்ர மகள் சின்னனில கேப்பாள், அம்மா, உனக்கு வேற சொல்லே குடுக்கமாட்டினமா எண்டு.” சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “நாளைக்கு எனக்குச் சொல் இருக்கு. முழுப் பாட்டும் இருக்கு. அவள் முன்வரிசையில இருப்பாள்.”

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது ஆறுதலாக எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பாதீர்கள்.

கதவு திறந்தது. குகன் அண்ணை தட்டாமலே உள்ளே வந்தார். கையில் மார்லேனின் ரிசீவரும் இயர்போனும் இருந்தன. கேபிளை நிதானமாகச் சுற்றி எல்லாவற்றையும் தன் சட்டைப்பைக்குள் போட்டார்.

“இண்டைக்கு உங்கட காதுக்கு நான் ஒலி தரமாட்டன்.”

“நீ எனக்கு வாக்குத் தந்தனி” என்றார் மார்லேன்.

“ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு தந்தனான். சொல்லேல்ல.” குகன் அண்ணை சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். “இப்ப இந்தப் பிள்ளை இங்க வந்த பிறகு, காலமை நீங்கள் கேட்ட அளவை என்ர காதில மாட்டிப் பார்த்தன். உடன கழட்டிப்போட்டன். நீங்கள் கேக்கக் கேக்கக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறன். மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு காது. அதையும் நான் என்ர கையால கெடுப்பன் எண்டு உங்களுக்கு வாக்குத் தரேல்ல.”

மார்லேன் எங்கள் இருவரையும் கண்ணாடியில் பார்த்தார். “வெளிய போங்கோ. ரெண்டு பேரும்.”

நடைபாதையில் நின்றோம். மேடையில் யாரோ பியானோவைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு உனக்கும் எனக்கும் வேலை இராது, பிள்ளை.”

“இருக்கும், அண்ணை.”

“எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“படிச்ச பிள்ளை எண்டு பேர்” என்றார். ஆனால் போகவில்லை, பக்கத்திலேயே நின்றார்.

கதவு திறந்தபோது மார்லேன் மேலங்கி போட்டிருந்தார். “மேலாளருக்கு நானே சொல்லுறன். காது எண்டு சொல்லமாட்டன்.”

“சொல்லத் தேவையில்லை. உடம்புக்கு ஏலாது எண்டா காணும். வேற ஒண்டும் கேக்க அவைக்கு உரிமை இல்லை” என்றேன்.

மேடை மேலாளர் அமைதியான பெண். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு மட்டுமா, நாளைக்குமா? மார்லேன் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “நாளைக்கும்” என்றார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய வெள்ளிக்கிழமை போனது. அதைச் சொன்னது நாங்களோ மேலாளரோ அல்ல, அவர்தான். இப்போதும் நான் அதை எண்ணிப் பார்ப்பதுண்டு.

குகன் அண்ணை அவரைத் தன் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓர மிக்சரை அரங்கின் சொந்த ஒலிக்காரர் ஏற்றுக்கொண்டார். நானும் போயிருக்கலாம் என்று பின்னர் சிலர் சொன்னார்கள். மாற்றுப் பாடகியாக வர வேண்டியவள் பின்பாட்டுக்காரர் மூவரில் இளையவள். பயந்துபோயிருந்தாள். அவளுக்கு ஒலியாவது பழகியபடி இருக்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரைத் தனியே விடுவது என் வேலை அல்ல என்று நினைத்தேன்.

அவளோடு அவசர ஒத்திகை தொடங்கியது. நன்றாகத்தான் பாடினாள். முதல் பாட்டின் நடுவில் இயக்குநர் நிறுத்தினார். “திரும்பல்! மார்லேன் திரும்புவாரே, அதை விட்டுவிடாதே.” அவள் திரும்பினாள். “இல்லை, முழு உடம்பும். அவர்களுடைய வாயையே பார். ஆமாம், அப்படித்தான்!”

இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் ஒரு பெண், கேட்காத காதுக்காகச் செய்ததை அழகாகக் கற்றுக்கொண்டிருந்தாள். மேடையோடு பேசும் பொத்தானில் என் விரல் இருந்தது. அழுத்தினால் இயக்குநருக்குக் கேட்கும். விரலை எடுத்துக்கொண்டேன். அது மார்லேனுடைய காது. அதைப் பற்றிச் சபையில் பேச அவரிடம் நான் அனுமதி கேட்டிருக்கவில்லை. அந்தத் திரும்பல் கடைசிக் காட்சிவரை நாடகத்தில் இருந்தது. பத்திரிகைகள் அதைப் பாராட்டின.

சபை வருவதற்குச் சற்று முன் குகன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

“எங்க நிக்கிறியள்?”

“அவசரப் பிரிவிலதான். இருக்கக் கதிரை இல்லை. அரைவாசி மொன்றியல் இங்க வந்து இருமுது.”

“பதியிற இடத்தில என்ன சொன்னனீங்கள்?”

“காது அடைப்பு எண்டு அவா துவங்கினவா. நான் இடையில பூந்திட்டன். அடைப்பில்லை, செவ்வாய்க்கிழமை காலமை திடீரெண்டு கேக்காமல் போச்சுது எண்டன். அந்தத் தாதி நிமிந்து பார்த்திட்டு வேற பக்கம் அனுப்பினவா. இப்ப உள்ளுக்க சோதிக்கினம்.”

“அவா என்ன சொல்லுறா?”

“என்னோட கதைக்கேல்ல. வலப்பக்கம் இருந்தும் கதைச்சுப் பார்த்தன், இடப்பக்கம் இருந்தும் பார்த்தன். ரெண்டுக்கும் ஒரே பதில்தான், பிள்ளை.”

நரம்புதான் என்று அன்றே சொன்னார்கள். அன்றே மாத்திரை தொடங்கினார்கள். திரும்பி வருமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்களாம்.

வெள்ளிக்கிழமை தொடக்கம் நன்றாக நடந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தது. அந்த இளம் பெண்ணுக்கு நல்ல பெயர் வந்தது. நடு மைக் அவளிடமே தங்கிவிட்டது. மேடைச் சத்தத்தின் பக்கம் கொஞ்ச காலம் போகவே கூடாது என்று மருத்துவர் மார்லேனுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச காலம் முடிவதற்குள் நாடகம் வேறு நகரத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு வேலை போகவில்லை. போனது அவருக்கு மட்டும்தான்.

குகன் அண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தன் வேலையில் குறை வைக்கவில்லை. குறை வைத்திருந்தால் செவ்வாய்க்கிழமையே எல்லாம் தெரிந்திருக்கும்: மார்லேன் தடுமாறியிருப்பார், பின்பாட்டைத் தவற விட்டிருப்பார், யாராவது என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்கள். கேட்டதையெல்லாம் அவர் அவ்வளவு நேர்த்தியாகக் கொடுத்ததால்தான் ஒரு காது போனது மண்டபத்தில் எவருக்கும் தெரியவில்லை. நம் வேலையின் ஆபத்து இதுதான். மேடையில் நிற்பவர்களுக்கு நாம் வசதி செய்து கொடுக்கிறோம். வலி எங்கே இருக்கிறது என்பதை அந்த வசதியே மூடிவிடும். அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் குகன் அண்ணை சொல்வார்: “தாறன். ஏன் எண்டும் சொல்லுங்கோ.” சிலர் எரிச்சல்படுவார்கள். அவர் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பார்.

அடுத்த ஆண்டு கோடை முடியும் நேரத்தில் மார்லேனைக் கண்டேன். ஜான்-டலோன் சந்தையில் சோளம் குவிந்திருக்கும் காலம். ஒவ்வொரு சோளத்தையும் நுனியில் பிரித்துப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

“நீயா” என்றார்.

“ஓம், நான்தான். எப்படி இருக்கிறீங்கள்?”

“தாழ்ந்ததெல்லாம் வந்திட்டுது. ஆக்கள் கதைக்கிறதும் வந்திட்டுது, முழுக்க இல்லை. உச்சத்தில ஒரு விசில் மட்டும் நிக்குது. அது போகாதாம்.” இன்னொரு சோளத்தைப் பிரித்தார். “ஞாயிற்றுக்கிழமைகளில தேவாலயத்தில பாடுறன்.”

“நல்லது.”

“நல்லதுதான்.” சோளத்தைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். “ஒண்டு கேக்கிறன். நான் சனிக்கிழமை போயிருந்தா, அப்பவும் இவ்வளவு திரும்பி வந்திருக்குமா?”

“தெரியாது.”

“வராமல் விட்டிருக்குமா?”

“அதுவும் தெரியாது.”

“டொக்டரும் இதைத்தான் சொல்லுறார். நீயாவது ஒரு பொய் சொல்லுவாய் எண்டு நினைச்சன்.”

சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை என்றால் எல்லாமே போயிருக்கும், நாங்கள்தான் காப்பாற்றினோம் என்று சொன்னால் அவருக்கும் ஆறியிருக்கும், எனக்கும் ஆறியிருக்கும். ஆனால் இந்த வேலையில் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவுகளைப் பின்னோக்கிப் போய்ச் சோதித்துப் பார்க்க முடியாது. கேபிளை மாற்றிப் பார்ப்பது போல மற்ற வழியையும் ஒருமுறை மாட்டிப் பார்க்க இயலாது. தெரிந்தவரை சரியாகச் செய்தோம் என்பதற்கு மேல் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. யாருடைய இழப்பில் அதைச் செய்தீர்களோ, அவர் ஒருநாள் சந்தையில் எதிரே வருவார். அன்றைக்கும் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

“என்ர வெள்ளிக்கிழமை உன்னட்டத்தான் இருக்கு” என்றார் மார்லேன். “தெரியும்தானே?”

“தெரியும்.”

அவர் தலையாட்டினார். கையிலிருந்த சோளத்தைப் பையில் போட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு பைகளில் ஒன்றை என்னிடம் நீட்டினார். “மெட்ரோவரைக்கும் வாறியா?”

நடக்கத் தொடங்கினோம். நான் யோசிக்காமலே அவருடைய இடப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தேன். நாலு அடி நடந்ததும் அவர் நின்று என் முழங்கையைப் பிடித்தார்.

“இந்தப் பக்கம் இல்லை. வலப்பக்கம் வா. அந்தக் காதும் வேலை செய்யட்டும்.”

வலப்பக்கம் போனேன். பழக்கடைக்காரர்கள் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். குரலை உயர்த்தாமல், மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“மெல்லமாக் கேக்குது” என்றார். பிறகு மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.